கறிக்கோழித் தீவனத்தில் எண்ணெய்: எதற்கு, எவ்வளவு, எந்த எண்ணெய்?

பண்ணை ஆரம்பித்த புதிதில் பலரும் கேட்கிற கேள்வி இது: “தீவனத்தில் எண்ணெய் சேர்த்தால் கோழி எடை போடுமா, நோய் வராதா?” ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எடைக்காகச் சேர்க்கும் எண்ணெய் வேறு, நோய்த்தடுப்புக்கு என்று விற்கும் எண்ணெய் வேறு.

முதல் வகை பேரலில் வரும். அரிசித் தவிட்டு எண்ணெய், சோயா எண்ணெய், பாமாயில் போன்றவை. ஒரு டன் தீவனத்துக்கு 20 கிலோ, 30 கிலோ என்று கலப்பார்கள். இரண்டாவது வகை சின்ன பாட்டிலிலோ பொடியாகப் பாக்கெட்டிலோ வரும். ஓரிகானோ, கிராம்பு, பட்டை, ஓமம், யூகலிப்டஸ் போன்றவற்றிலிருந்து வடித்த வாசனை எண்ணெய்கள் இவை. டன்னுக்குச் சில நூறு கிராம்தான் சேரும். முதலாவது சாப்பாடு, இரண்டாவது மருந்துச் சரக்கு மாதிரி. சொல்லப்போனால் வாசனை எண்ணெயில் கொழுப்பே கிடையாது. எண்ணெய் என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம், அதனால்தான் இவ்வளவு குழப்பமும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் பாதி விஷயம் புரிந்த மாதிரி.

எடைக்கான எண்ணெய்

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஒரு கிலோ மக்காச்சோளத்திலிருந்து கோழிக்குக் கிடைக்கும் ஆற்றல் ஏறக்குறைய 3,350 கிலோகலோரி. சோயா புண்ணாக்கில் 2,300 அளவு. தாவர எண்ணெயில் சுமார் 8,800. அதாவது ஒரு கிலோ எண்ணெய், இரண்டரை கிலோவுக்கு மேல் சோளம் தரும் ஆற்றலைத் தனியாகத் தந்துவிடும்.

இப்போது 100 கிலோ தீவனத்தில் 65 கிலோ மக்காச்சோளம், 30 கிலோ சோயா புண்ணாக்கு, மீதி 5 கிலோ தாது உப்பு, வைட்டமின் இத்யாதி என்று வைத்துக்கொள்வோம். கூட்டிப் பார்த்தால் கிலோவுக்கு 2,870 கிலோகலோரி வரும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் கறிக்கோழிக்கு வகுத்திருக்கும் அளவு, குஞ்சுக்கு முதலில் தரும் பிரீஸ்டார்டர் தீவனத்துக்கு 3,000, அடுத்த கட்டமான ஸ்டார்டருக்கு 3,100, கடைசிக் கட்டமான பினிஷருக்கு 3,200. ஆக, சோளமும் சோயாவும் மட்டும் வைத்து ஸ்டார்டர் அளவைத் தொட வேண்டுமானால் 230 இடிக்கிறது. ஒரு கிலோ சோளத்தை எடுத்துவிட்டு ஒரு கிலோ எண்ணெய் போட்டால் 54 அளவுக்கு ஏறும். அப்படியென்றால் 4 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே எண்ணெய் வேண்டும். இது ஆற்றலை மட்டும் பார்க்கிற கணக்கு. ஸ்டார்டருக்கு வேண்டிய புரதத்துக்காகச் சோயாவைக் கூட்டினால் ஆற்றல் இன்னும் இறங்கும், எண்ணெய் இன்னும் தேவைப்படும். நடைமுறையில் சோளத்தின் விலை, எண்ணெயின் விலை இரண்டையும் பார்த்து 2 முதல் 5 சதவீதத்துக்குள் வைக்கிறார்கள்.

‘சோளத்தையே கொஞ்சம் கூடத் தின்னட்டுமே, எண்ணெய் எதற்கு?’ என்று தோன்றும். கோழி தன் ஆற்றல் தேவையைப் பார்த்துத்தான் தின்னும் என்றாலும், அதன் இரைப்பைக்கும் குடலுக்கும் ஒரு கொள்ளளவு இருக்கிறது. 40 நாளுக்குள் 40 கிராம் குஞ்சு 2 கிலோவைத் தாண்ட வேண்டும் என்று வளர்க்கப்படும் இனம் இது. குறைந்த தீவனத்தில் நிறைய ஆற்றல் இருந்தால்தான் அந்த வேகம் வரும். பண்ணைக்காரர்கள் எப்போதும் பேசும் எஃப்.சி.ஆர்., அதாவது ஒரு கிலோ எடை போட எத்தனை கிலோ தீவனம் தின்றது என்ற கணக்கு, இறங்குவதும் இதனால்தான். உற்பத்திச் செலவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் தீவனமே விழுங்கிவிடுவதால், 1.7 என்பது 1.6 ஆனால்கூட ஒரு பேட்ச்சில் பெரிய வித்தியாசம் தெரியும்.

எண்ணெயின் வேலை ஆற்றலோடு நிற்பதில்லை. குடலில் தீவனம் நகரும் வேகத்தை அது மட்டுப்படுத்துகிறது. அதனால் மற்றச் சத்துக்கள் செரிப்பதற்கும் கூடுதல் நேரம் கிடைக்கிறது. ஏ, டி, இ, கே வைட்டமின்கள் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். கோழி தன் உடம்பில் தானே தயாரித்துக்கொள்ள முடியாத லினோலெயிக் அமிலமும் எண்ணெயிலிருந்து கிடைக்கிறது. தீவனத்தில் இது ஒரு சதவீதமாவது இருக்க வேண்டும். அப்புறம், மாவுத் தீவனத்தில் தூசி பறப்பது அடங்கும். மூடுபனி மாதிரித் தூசி நிற்கும் ஷெட்டுக்குள் போய்வந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

என் கணிப்பில் நம் ஊருக்கு மிக முக்கியமான பயன் கோடைக்காலத்தில்தான். எந்த உணவைத் தின்றாலும் அது செரிக்கும்போது உடம்பில் கொஞ்சம் சூடு உண்டாகும். புரதத்துக்கு இது அதிகம், மாவுச்சத்துக்கு அடுத்தது, கொழுப்புக்கு மிகக் குறைவு. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். பல்லடம், உடுமலைப் பக்கம் சித்திரை, வைகாசியில் பக்கவாட்டில் திறந்த ஷெட்டில் கோழிகள் இறக்கையை விரித்துப் படுத்து இரைப்பதைப் பார்க்கலாம். அந்த நாட்களில் தீவனம் எடுப்பது குறையும். தின்கிற கொஞ்சத்திலேயே ஆற்றல் நிறைவாக இருக்க வேண்டும், உள்ளே சூடும் கூடக்கூடாது. இரண்டுக்கும் எண்ணெய் பொருந்துகிறது. பகல் 10 மணியிலிருந்து 4 மணிவரை தீவனத் தட்டைத் தூக்கிவிட்டு, அதிகாலையிலும் இரவிலும் எண்ணெய் சற்றுக் கூடிய தீவனத்தைக் கொடுப்பது இந்தக் காரணத்துக்காகத்தான்.

எண்ணெயைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன? ஆற்றலுக்கேற்பப் புரதமும் அமினோ அமிலங்களும் கூடாவிட்டால், அந்த ஆற்றல் வயிற்றுக் கொழுப்பாகப் படியும். எடை மெஷினில் எடை காட்டும், கறி வெட்டும்போது மஞ்சள் கொழுப்பாக வெளியே வரும். குச்சித் தீவனம் (பெல்லட்) தயாரிக்கும்போது மிக்சரிலேயே 3 சதவீதத்துக்கு மேல் எண்ணெய் ஊற்றினால் குச்சி நிற்காமல் உதிரும். அதனால் பெரிய தீவன ஆலைகளில் ஒரு பகுதியை முதலில் கலந்துவிட்டு, மீதியைக் குச்சியின் மேல் தெளிக்கிறார்கள்.

குஞ்சுக்கு எண்ணெய் செரிக்குமா?

முதல் வாரக் குஞ்சுக்கு எண்ணெய் செரிப்பது கஷ்டம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. முட்டைக்குள் இருக்கும் 21 நாளும் அது மஞ்சள் கருவின் கொழுப்பைத்தான் பெரும்பாலும் எரித்து வளர்கிறது. ஆனால் அந்தக் கொழுப்பு குடல்வழியாகச் செரிப்பதில்லை, மஞ்சள் கருப் பையின் சவ்வு வழியாக நேராக உறிஞ்சப்படுகிறது. பொரித்தபிறகு தீவனத்தில் வரும் எண்ணெயை உடைக்கக் கணையத்திலிருந்து லைப்பேஸ் என்ற நொதியும், கல்லீரலிலிருந்து பித்தநீரும் வேண்டும். இரண்டும் முதல் வாரத்தில் போதுமான அளவு சுரப்பதில்லை, இரண்டு வாரம் ஆகும்போதுதான் சரியாகும்.

பித்தநீர் என்ன செய்கிறது? எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. எண்ணெய்ப் பாத்திரத்தை வெறும் தண்ணீரில் கழுவினால் போகாது, சோப்புப் போட்டால் போகும் அல்லவா? அதே வேலையைக் குடலுக்குள் பித்த உப்பு செய்கிறது. எண்ணெயை நுண்ணிய துளிகளாக்கி, நொதி தொடுவதற்கு வழி செய்கிறது. பித்தநீர் குறைவாக இருக்கும் குஞ்சுக்கு, அறை வெப்பத்தில் திரவமாகவே இருக்கும் சோயா எண்ணெய் ஓரளவு செரிக்கும். உறையும் தன்மையுள்ள பாமாயிலும் மாட்டுக் கொழுப்பும் பெரும்பாலும் எச்சத்தில் போய்விடும், போகும்போது கால்சியத்தையும் சோப்பு போலப் பிணைத்துக்கொண்டு போகும். ஆகவே பிரீஸ்டார்டரில் எண்ணெயைக் குறைவாக, சோயா எண்ணெயாக வைப்பது நல்லது. பாமாயில் போன்றவற்றை மூன்றாவது வாரத்துக்கு மேல் கொண்டுவரலாம். எண்ணெயைத் தண்ணீரோடு கலக்கவைக்கும் லெசித்தின் வகைப் பால்மமாக்கிகளைத் தீவனத்தில் சேர்ப்பதும் இந்தக் குறையை ஈடுகட்டத்தான். சோயாவிலிருந்து வரும் லைசோலெசித்தின் அதில் அதிகம் பயன்படுகிறது.

இன்னொன்று. நாம் தின்னும் கொழுப்பு நிணநீர் வழியாகச் சுற்றிக்கொண்டு ரத்தத்தில் சேர்கிறது. கோழிக்கு அப்படியில்லை, குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. எண்ணெயில் எது கெட்டிருந்தாலும் முதல் அடி கல்லீரலுக்குத்தான். இங்கிருந்துதான் நான் மிகவும் கவலைப்படும் விஷயம் ஆரம்பிக்கிறது.

சிக்கு வாடை

நல்ல எண்ணெய் சேர்க்காத தீவனத்தைவிடக் கெட்ட எண்ணெய் சேர்த்த தீவனம் பல மடங்கு ஆபத்து. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தீவனம் சொந்தமாக அரைத்துக்கொண்டிருந்த காலத்தில், கிலோவுக்கு நாலைந்து ரூபாய் குறைகிறதே என்று ஒரு வியாபாரியிடம் தவிட்டு எண்ணெய் வாங்கினோம். பேரலைத் திறந்ததும் சிக்கு வாடை அடித்தது. கலந்தால் தெரியாது என்று கலந்துவிட்டோம். மூன்றாவது வாரத்தில் கோழிகள் தீவனத்தைக் கிளறிவிட்டுப் போக ஆரம்பித்தன, எச்சம் தளர்ந்தது, லிட்டர் என்று சொல்லும் தரைப் படுக்கை நனைந்தது. பெரிய சாவு இல்லை. ஆனால் அந்த பேட்ச் எடையே கூடவில்லை.

எண்ணெயில் நிறைவுறாத கொழுப்பு அமிலங்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து முதலில் பெராக்சைடுகளாகின்றன, பிறகு உடைந்து அந்தக் காறல் வாடையைத் தருகின்றன. வெயில், சூடு, இரும்பு, செம்பு எல்லாம் இதை வேகப்படுத்தும். இந்தப் பெராக்சைடுகள் தீவனத்திலுள்ள வைட்டமின் ஏ, டி, இ மூன்றையும் அழிக்கும். குடலின் உள்சுவரையும் புண்படுத்தும். வைட்டமின் இ தீர்ந்துபோன குஞ்சுக்கு மூளை வீங்கிக் கெடுகிற ஒரு நோய் வரும். இரண்டிலிருந்து நாலு வார வயதில் தலையைப் பின்னால் மடக்கிக்கொண்டு, தள்ளாடி, மல்லாக்க விழுந்து காலை உதைத்துக்கொண்டு கிடக்கும். வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோயிலும் கழுத்து திருகும் என்பதால் பார்வையை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது, கால்நடை மருத்துவரிடம் காட்டித்தான் ஆக வேண்டும்.

தவிட்டு எண்ணெயில் கூடுதல் கவனம் வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. நெல் அரைத்துத் தவிடு பிரிந்த கணத்திலிருந்து, தவிட்டிலேயே இருக்கும் லைப்பேஸ் அதன் எண்ணெயை உடைக்கத் தொடங்கிவிடும். ஆலையில் உடனே பதப்படுத்தாவிட்டால், பிழிகிற எண்ணெயில் உதிரிக் கொழுப்பு அமிலம் நிறைய இருக்கும். தமிழ்நாட்டில் நெல் ஆலைகள் அதிகம் என்பதால் இந்த எண்ணெய் சுலபமாகக் கிடைக்கிறது. நல்லதாக அமைந்தால் அருமையான சரக்குதான். வாங்கும்போது உதிரிக் கொழுப்பு அமிலம், பெராக்சைடு அளவு, ஈரம், கசடு நான்கையும் கேட்டு, ஆய்வுக்கூடச் சீட்டைக் கையில் வாங்குங்கள். சீட்டு இருந்தாலும் ஒரு கரண்டி எண்ணெயைச் சூடாக்கிப் பாருங்கள். சடசடவென்று பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது. மூக்கையும் நம்புங்கள். பேரலை நிழலில், மூடி இறுகி, முடிந்தவரை நிறைத்து வையுங்கள். பாதி காலியான பேரலில் மீதி இடம் முழுக்கக் காற்று. பி.எச்.டி. (BHT) போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பானை எண்ணெய் புதிதாக இருக்கும்போதே சேர்க்க வேண்டும், கெட்டபிறகு சேர்த்தால் எதுவும் திரும்பாது.

பலகாரக் கடையில் பொரித்து மிஞ்சிய எண்ணெய் மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பார்கள். வேண்டாம். மனிதர் உணவுக்கே, எண்ணெயில் சிதைவுப் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து நம் நாட்டில் விதி இருக்கிறது. அந்த எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக்க அரசே திட்டம் வைத்திருக்கிறது. கோழி வழியாக அது மறுபடியும் நம் தட்டுக்கு வரக்கூடாது.

எண்ணெயில் நச்சு கலந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இரண்டு பழைய சம்பவங்கள். 1957இல் அமெரிக்காவில் இதயப் பையிலும் வயிற்றிலும் நீர் கோத்து லட்சக்கணக்கில் கறிக்கோழிகள் செத்தன. காரணம் தீவனத்தில் சேர்த்த கொழுப்பு. அதிலிருந்த நச்சு டையாக்சின் வகை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. 1999இல் பெல்ஜியத்தில், மறுசுழற்சிக்குச் சேகரித்த கொழுப்பில் மின்மாற்றி எண்ணெய் கலந்து தீவன ஆலைகளுக்குப் போய்விட்டது. தாய்க்கோழிப் பண்ணைகளில் முட்டை பொரிப்பது குறைந்தபோதுதான் சந்தேகம் வந்தது. கோழியும் முட்டையும் கடைகளிலிருந்து அகற்றப்பட்டன, அந்த ஜூன் மாதத் தேர்தலில் ஆட்சியே மாறியது. இரண்டிலும் தொடக்கம் ஒன்றுதான்: எங்கிருந்து வந்தது என்று தெரியாத மலிவுக் கொழுப்பு.

நோய்த்தடுப்புக்கு என்று விற்பவை

இனி இரண்டாவது வகை. இது ஏன் இவ்வளவு பேசப்படுகிறது என்று புரிய ஆன்டிபயாட்டிக் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1940களின் கடைசியில், ஆரியோமைசின் மருந்து எடுத்தபின் மிஞ்சிய சக்கையைத் தின்ற குஞ்சுகள் வேகமாக வளர்வதை அமெரிக்காவில் கண்டார்கள். அதிலிருந்து நோயே இல்லாத கோழிக்கும் வளர்ச்சிக்காகத் தினமும் சிறிதளவு ஆன்டிபயாட்டிக் போடும் வழக்கம் உலகம் முழுக்கப் பரவியது. விளைவு, மருந்துக்கு அடங்காத கிருமிகள். ஸ்வீடன் 1986இலும் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரியிலும் வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் தருவதைத் தடைசெய்தன. மனிதருக்குக் கடைசிக் கட்ட மருந்தான கோலிஸ்டினை உணவுக்கான கால்நடை, கோழிகளுக்குத் தருவதை இந்தியா 2019 ஜூலையில் தடைசெய்தது. அந்த இடத்தை நிரப்பத்தான் வாசனை எண்ணெய்கள் வந்தன.

வீட்டுத் தொட்டியில் இருக்கும் கற்பூரவல்லி இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். அந்த வாசனைக்குக் காரணம் கார்வக்ரால், தைமால் என்ற இரண்டு பொருட்கள். ஓரிகானோ எண்ணெயில் இருப்பதும் இவைதான். ஓமத்தில் தைமால், கிராம்பில் யூஜினால், பட்டையில் சின்னமால்டிகைடு. இவை பாக்டீரியாவின் மேலுறையைத் துளைத்து உள்ளிருப்பதைக் கசியவிடுகின்றன. ஆய்வுக்கூடத் தட்டில் இது தெளிவாகத் தெரியும். கோழியின் குடலுக்குள் விஷயம் சிக்கலாகிறது. சேர்த்த எண்ணெயின் பெரும்பகுதி குடலின் மேல்பாகத்திலேயே உறிஞ்சப்பட்டுவிடும், கிருமிகள் நிறைய இருக்கும் கீழ்ப்பாகம்வரை போய்ச் சேராது. குச்சித் தீவன இயந்திரத்தின் 80 டிகிரிச் சூட்டில் கொஞ்சம் ஆவியாகியும் போகும். அதனால்தான் கொழுப்புப் பூச்சுக்குள் அடைத்த பொடி வடிவம் நம்பகமானது. தண்ணீரில் கலக்கும் பாட்டில் என்றால், பால்மமாக்கி சேர்த்தது தானா என்று பாருங்கள். வெறும் எண்ணெயைத் தொட்டியில் ஊற்றினால் மேலே மிதக்கும். கடைசியாகக் குடிக்கும் கோழிக்கு மொத்தமும் போகும்.

முடிவு பண்ணைக்குப் பண்ணை மாறும். லிட்டர் ஈரமாகி, நெருக்கடியாக வளரும் ஷெட்டில் பலன் கண்ணுக்குத் தெரியலாம். ஏற்கெனவே சுத்தமாக, காற்றோட்டமாக இருக்கும் பண்ணையில் ஒரு வித்தியாசமும் தெரியாமல் போகலாம். என் அனுபவத்தில், ஷெட்டைச் சரிசெய்யப் போடும் பணத்துக்கு ஈடாக எந்தப் பாட்டிலும் பலன் தந்ததில்லை.

இரண்டு வகைக்கும் நடுவில் நிற்பது தேங்காய் எண்ணெய். அதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். நடுத்தர நீளமுள்ள கொழுப்பு அமிலம் என்பதால் பித்தநீர் அதிகமில்லாமலே குஞ்சுக்குச் செரிக்கும். கூடவே குடல் அழுகல் நோயை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பெர்பிரிஞ்சன்ஸ் போன்ற பாக்டீரியாக்களை அடக்கும் ஆற்றலும் அதற்கு உண்டு. ஈ.கோலை, சால்மோனெல்லா போன்றவற்றுக்குக் கூடுதலாக ஒரு வெளியுறை இருப்பதால் அவற்றிடம் லாரிக் அமிலம் அவ்வளவாகச் செல்லாது. தேங்காய் எண்ணெய் விற்கும் விலையில் தீவனத்தில் ஊற்றுவது யாருக்கும் கட்டாது. லாரிக் அமிலத்தைக் கிளிசரினோடு இணைத்த மோனோலாரின் பொடி விற்கிறது, அது டன்னுக்குச் சிறிதளவு போதும்.

மீன் எண்ணெயும் ஆளிவிதை எண்ணெயும் வேறு வழியில் உதவுகின்றன. இவை கிருமியைக் கொல்வதில்லை. இவற்றிலுள்ள ஒமேகா 3 கொழுப்பு, நோய் வரும்போது உடம்பு காட்டும் அழற்சியைத் தணிக்கிறது. ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் ஐமீரியா டெனெல்லா தாக்கிய குஞ்சுகளில், இந்த எண்ணெய்கள் கொடுத்தபோது பெருங்குடல் பையில் புண் குறைந்ததாக 1990களில் அமெரிக்க ஆய்வுகள் காட்டின. ஆனால் கோழி எந்தக் கொழுப்பைத் தின்கிறதோ அதே சாயல் கறியிலும் ஏறும். மீன் எண்ணெய் கூடினால் கறி மீன் வாடை அடிக்கும். விற்பனைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். இவை சிக்குப் பிடிப்பதும் மற்ற எண்ணெய்களைவிட வேகம், வைட்டமின் இ கூட்டியே தர வேண்டும்.

எந்த எண்ணெயும் தடுப்பூசிக்கு மாற்றாகாது. முதல் வாரத்தில் போடும் ராணிக்கெட் தடுப்பு மருந்தையும், இரண்டாவது வாரத்தையொட்டிப் போடும் கம்போரோ தடுப்பு மருந்தையும் ‘மூலிகை எண்ணெய் கொடுக்கிறோமே’ என்று விட்டுவிட்டவர்கள் ஷெட்டையே காலி செய்திருக்கிறார்கள். இரண்டும் வைரஸ் நோய்கள். யூகலிப்டஸ், மென்தால் கலவையைத் தெளித்தால் சளி பிடித்த கோழிக்கு மூச்சு கொஞ்சம் எளிதாகும், அவ்வளவுதான்.

ஒப்பந்தத்தில் வளர்ப்பவர்களுக்கு

கொங்குப் பகுதியில் கறிக்கோழி வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தப் பண்ணையாளர்கள். குஞ்சும் தீவனமும் கம்பெனியிலிருந்து வரும், வளர்ப்புக் கூலி மட்டும் நமக்கு. தீவனத்தில் எந்த எண்ணெய், எத்தனை சதவீதம் என்று முடிவு செய்வது நம் கையில் இல்லை. மேலே எண்ணெய் ஊற்றிக் கொடுக்கவும் கூடாது, ஏற்கெனவே கணக்குப் போட்டுச் சேர்த்த சமநிலை கெடும். ஆனால் வந்த எண்ணெய் கெடாமல் பார்த்துக்கொள்வது முழுக்க நம் வேலை.

மூட்டைகளைத் தரையிலோ சுவரை ஒட்டியோ அடுக்காமல் மரப்பலகை மேல் வையுங்கள். முதலில் வந்ததை முதலில் பிரியுங்கள். கோடையில் தகரக் கூரைக்கு அடியில் வாரக்கணக்கில் மூட்டை கிடக்க விடாதீர்கள். தீவனத் தட்டின் அடியில் எண்ணெய்ப் பசையோடு ஒட்டிக்கொள்ளும் தூளை இரண்டு நாளுக்கு ஒருமுறை சுரண்டி எடுங்கள், அதுதான் முதலில் காறும். ஒவ்வொரு மூட்டையைப் பிரிக்கும்போதும் கை நிறைய அள்ளி முகர்ந்து பாருங்கள். வாடை சரியில்லை என்றால் அந்த மூட்டையை நிறுத்திவிட்டு, அதன் பேட்ச் எண்ணைக் குறித்துக்கொண்டு அன்றைக்கே சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். அதிலிருந்து ஒரு கிலோவைக் காற்றுப் புகாத பையில் கட்டித் தனியாக எடுத்து வையுங்கள். பிற்பாடு எடை ஏன் குறைந்தது என்ற பேச்சு வரும்போது, சோதனைக்கு அனுப்ப அந்த ஒரு கிலோ இருக்கும். தீர்ந்துபோன தீவனத்தை யாரும் சோதிக்க முடியாது.